எந்தப் பாகத்தில் கோளாறு? அணு எரிபொருளின் நோயை அறிகுறி பார்த்துப் பிரிக்கும் வழிமுறை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இராமநாதபுரத்திலிருந்து வடக்கே போனால் கல்பாக்கம், தெற்கே போனால் கூடங்குளம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று இந்தச் சாலையோரத்து ஊர்களிலிருந்து இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிற டிப்ளமோ, பொறியியல் படித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் உச்சிப்புளியில் என்னைப் பார்க்கும்போது, “சார், தண்டு கசிந்தால் வெல்டிங் கோளாறுதானே?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை தம்பி. வெல்டிங் மீது பழி போடுவது சுலபம்; அதைச் செய்தவர் ஹைதராபாத்திலோ ரஷ்யாவிலோ இருப்பதால் மறுத்துப் பேச ஆளில்லை. எந்தப் பாகத்தின் வடிவமைப்பு கைவிட்டது என்பதை அறிகுறியே சொல்லிவிடும். அதைக் கேட்கும் வரிசை தெரிந்திருந்தால் போதும்.

பாகங்களின் பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். யுரேனியம் டை ஆக்சைடு பெல்லட்கள் (சிறு உருளைகள்) ஒரு ஜிர்கோனியக் கலவைக் குழாய்க்குள் அடுக்கப்பட்டு, இரு முனையும் மூடி வெல்டு செய்யப்பட்டிருக்கும். குழாய் உறை, நிரப்பி மூடியது தண்டு. கூடங்குளம் உலையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட தண்டுகளை அறுகோணமாகக் கட்டியது ஒரு அசெம்பிளி. அப்படி 163 அசெம்பிளிகள் உலைக்குள் நிற்கும். தண்டுகளை இடம் மாறாமல் பிடித்திருப்பவை கிரிட்கள். கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்குவதற்கு ஒவ்வொன்றிலும் 18 வழிகாட்டிக் குழாய்கள் உண்டு. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் கதையே வேறு. அங்கே அரை மீட்டர் நீளத்தில் 19 தண்டுகள் கொண்ட பண்டில்கள், படுத்தவாக்கில் 306 சேனல்களில், சேனலுக்கு 12 வீதம் வரிசையாகக் கிடக்கும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை மாற்றலாம். இந்த ஒரு வசதி, கோளாறு தேடும் முறையையே மாற்றிவிடுகிறது.

உறைக்குழாயின் உலோகம் நம் கடற்கரைக்கு அந்நியமில்லை. மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் அதன் கனிமமான ஜிர்கான் இருக்கிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலில் ஜிர்கோனியம் ஸ்பாஞ்ச், அதாவது நுண்துளை நிறைந்த கச்சா உலோகம், தயாராகிறது. நியூட்ரானை அதிகம் விழுங்காத உலோகம் என்பதால்தான் ஜிர்கோனியம். இயற்கையில் அதனோடு ஒட்டியே வரும் ஹாஃப்னியமோ பெருந்தீனிக்காரன். அதைப் பிரித்தெடுக்காமல் உறை செய்ய முடியாது.

அறிகுறி: ஜெனான் ஏறுகிறது, அயோடின் அசையவில்லை

யுரேனிய அணு பிளக்கும்போது ஜெனான் வாயுவும் அயோடினும் தண்டுக்குள் பிறக்கின்றன. தண்டு ஓட்டையானால் முதலில் பேசுவது குளிர்விக்கும் நீர். அன்றாட மாதிரியில் ஜெனான்-133 மெல்ல ஏறி, அயோடின்-131 பழைய கோட்டிலேயே நின்றால், எங்கோ ஒரு தண்டில் ஊசிமுனை அளவு துளை விழுந்திருக்கிறது. வாயு சந்து கிடைத்தால் வெளியேறிவிடும். அயோடின் உறையின் உட்சுவரிலும் பெல்லட்டின் மேலும் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும்.

இதை நம்புவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். உறைகளின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் யுரேனியத் துகள்களும், முன்பு உடைந்த தண்டிலிருந்து கழுவி வந்த தூளும் பிளந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கழிவும் நீரில்தான் சேரும். இரண்டையும் பிரிப்பது அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம். அயோடின்-134இன் அரை ஆயுள் 52 நிமிடம்தான். ஊசித்துளை வழியே நெளிந்து வருவதற்குள் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். நீரில் அது கணிசமாக இருந்தால், பிளவு நடப்பது உறைக்கு வெளியே, அல்லது உறை வாய் பிளந்து பெல்லட் நீரைத் தொடுகிறது. 9 மணி நேர ஜெனான்-135 சற்றே ஏற, 5 நாள் ஜெனான்-133 மட்டும் நன்றாக ஏறினால், அது மூடிய தண்டில் விழுந்த சின்னத் துளை.

அடுத்து அயோடின்-131க்கும் அயோடின்-133க்கும் உள்ள விகிதம். முன்னதற்கு 8 நாள், பின்னதற்கு 21 மணி நேரம். விகிதம் உயர்ந்திருந்தால் வழி குறுகல். தாழ்ந்திருந்தால் வழி அகலம். பிறகு உலையின் திறன் குறையும் ஒரு தருணத்துக்குக் காத்திருங்கள். திறன் இறங்கும்போது துளை வழியே நீர் உள்ளே புகுந்து, ஒட்டியிருக்கும் அயோடினைக் கழுவிக்கொண்டு வரும். சில மணி நேரத்துக்கு அயோடின் பல மடங்கு எகிறும். அந்த எகிறல் வந்தால் கசிவு உறுதி.

அந்த நேரத்தில் சீசியத்தையும் அளந்துவிடுங்கள். சீசியம்-137 பிளவின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடும். சீசியம்-134 நேரடியாகப் பிறப்பதில்லை; சீசியம்-133 இன்னொரு நியூட்ரானை விழுங்கிய பிறகே வரும். ஆகவே பழைய எரிபொருளில்தான் 134இன் பங்கு அதிகம். 134க்கும் 137க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், கசிவது இந்த முறை ஏற்றிய புதுச் சரக்கா, இரண்டு மூன்று சுழற்சி (ஒரு எரிபொருள் மாற்றத்திலிருந்து அடுத்தது வரையிலான ஓட்டம்) பார்த்த பழசா என்று தெரிந்துவிடும். 163 அசெம்பிளிகளில் தேட வேண்டியது பெரிதும் குறைந்துபோகும். இந்த அளவீட்டைச் சோம்பலில் விட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் குளத்தில் தூக்கித் தூக்கிச் சோதிப்பவர்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தீர்ந்ததில்லை.

இடத்தைக் கண்டுபிடிப்பது உலைக்கு உலை மாறும். கனநீர் உலையில் ஒவ்வொரு சேனலின் நீரிலும் தாமத நியூட்ரான் (பிளவு முடிந்த பிறகு பிளவுத் துண்டுகள் தாமதமாக விடுவது) எண்ணப்படுகிறது. அயோடின்-137, புரோமின்-87 போன்றவை சில பத்து நொடி அரை ஆயுள் கொண்டவை என்பதால் சேனலின் அடையாளம் கலைவதற்குள் எண்ணிவிடலாம். எண்ணிக்கை கூடிய சேனலில் பண்டில்களைத் தள்ள, எந்தப் பண்டில் வெளியேறும்போது எண்ணிக்கை விழுகிறதோ அதுதான் குற்றவாளி. தாராப்பூர் மாதிரிக் கொதிநீர் உலையில் கட்டுப்பாட்டுக் கோலை ஒவ்வொரு பகுதியாக நுழைத்து, கழிவு வாயு எப்போது குறைகிறது என்று பார்ப்பார்கள். கூடங்குளம் மாதிரி அழுத்த நீர் உலையில் அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருந்து, வெளியே எடுத்து, சிப்பிங் சோதனை (அசெம்பிளியைத் தனியே வைத்து, அதிலிருந்து கசிந்து வருவதை அளப்பது) செய்ய வேண்டியதுதான்.

இங்கே ஊருக்காக ஒரு வார்த்தை. “எரிபொருள் கசிவு” என்று ஒரு செய்தி வந்தால் மண்டபம் மீன் இறங்குதளத்தில் அன்றைக்கே அது பேச்சாகிவிடும். தண்டு கசிவதும் கடலுக்குள் கசிவதும் ஒன்றல்ல. தண்டிலிருந்து வருவது முதல் சுற்று நீரில் சேர்கிறது. அந்தச் சுற்று மூடியது, அதன் நீர் ரெசின் வழியே வடிகட்டப்படுகிறது. ஆனால் அதற்காக அலட்சியமும் கூடாது. அயோடினுக்கு வரம்பு உண்டு. அது தாண்டினால் உலையை நிறுத்தியாக வேண்டும். “ஒன்றுமில்லை” என்று சிரித்து மழுப்புவதைவிட இதை அப்படியே சொல்வதுதான் மரியாதை.

அறிகுறி: புதுச் சரக்கு ஏற்றிச் சில வாரங்களிலேயே கசிவு

வெல்டிங்கைச் சந்தேகிக்க நியாயமான இடம் இது ஒன்றுதான். முனை மூடியின் வெல்டில் நுண்துளை இருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஹீலியம் கசிவுச் சோதனைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

அது சுத்தமாக இருந்தால் அடுத்தது ஈரம். பெல்லட்டின் நுண்துளைகளில் தங்கிய ஈரம் உலைக்குள் ஹைட்ரஜனாகப் பிரிந்து, உறையின் உட்புறத்தில் ஒரே புள்ளியில் புகுந்து, உலோகத்தை நொறுங்கும் ஹைட்ரைடாக்கி, உள்ளிருந்து வெளியே வெடிக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு மையத்திலிருந்து கதிர் கதிராக விரிந்திருக்கும். இதனால்தான் பெல்லட்டில் மொத்த ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று விதிக்கிறார்கள்; அடுக்குவதற்கு முன் வெற்றிடத்தில் சுடவைத்து உலர்த்துகிறார்கள். வாலிநோக்கத்து உப்பளக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு ஈரம் எங்கெல்லாம் ஒளியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உலர்த்திய தட்டு, தண்டை மூடும் வரை எவ்வளவு நேரம் வெளிக்காற்றில் இருந்தது என்று கேளுங்கள். குற்றம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

அறிகுறி: கிரிட் உயரத்தில் உறை தேய்ந்து துளை

அழுத்த நீர் உலைகளில் உலகம் முழுக்க அதிகத் தண்டுகளைத் தின்றது இந்தத் தேய்மானம்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இராமநாதபுரத்துப் பட்டறை ஒன்றில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் வெட்டி வாங்கிய கிரிட் மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. சதுர அறைகள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு சுவர்களில் வளைந்த ஸ்பிரிங், எதிர்ச் சுவர்களில் அசையாத சிறு புடைப்புகள். பென்சிலை நுழைத்தால் ஸ்பிரிங் தள்ள, புடைப்பு தாங்க, பென்சில் ஆடாமல் நிற்கும். ஒரு அறையில் மட்டும் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தளர்த்தி வைத்திருக்கிறேன். அதில் நுழைத்த பென்சிலைச் சுண்டினால் கிடுகிடுவென்று ஆடும். பிள்ளைகள் அந்த அறையில் பென்சிலை நுழைத்தவுடன் வேறு விளக்கமே கேட்பதில்லை.

உலைக்குள் கட்டைவிரல் இல்லை. ஆனால் மூன்று காரணங்கள் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. நியூட்ரான் அடிபட்டு ஸ்பிரிங்கின் விறைப்பு இறங்குகிறது. வெளியே இருக்கும் நீரழுத்தத்தில் உறை மெல்ல உள்நோக்கிச் சுருங்குகிறது. கிரிட்டின் தகடு கதிர்வீச்சில் வளர்ந்து அறை அகலமாகிறது. மூன்றும் ஒரே திசையில் இழுக்க, ஒருநாள் பிடிப்பு விட்டு இடைவெளி திறக்கிறது. பிறகு நீரோட்டம் தண்டை ஆட்டும். ஆட்டம் மிக மிகச் சிறியது, ஆனால் ஓய்வில்லாதது. பாம்பனில் கட்டிப்போட்ட நாட்டுப் படகின் கயிறு, இறுக்கமாக இருக்கும்வரை தேய்வதில்லை. தளர்ந்துவிட்டால் அலைக்கு அலை ஒரே இடத்தில் உரசி அறுந்துபோகும். தண்டின் உறைச்சுவர் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தேய்ந்த தடம் ஸ்பிரிங்கின் வடிவத்தையும் புடைப்பின் வடிவத்தையும் அப்படியே காட்டினால் அது கிரிட்டின் வேலை. அது கீழ்க் கிரிட்டில் அதிகமாக இருந்தால், நீர் நுழைகிற இடத்தின் கொந்தளிப்பைச் சந்தேகிக்கலாம். ஒரு அசெம்பிளிக்குப் பக்கத்தில் வேறு வடிவமைப்பு அசெம்பிளி நின்றதா என்று உலை வரைபடத்தைப் பாருங்கள். இரண்டின் நீர்த் தடை வேறுபட்டால் நீர் மேலே போவதை விட்டுக் குறுக்கே பாயும். குறுக்கோட்டம்தான் தண்டை அதிகம் ஆட்டும். தனித்தனியே நல்ல பெயர் வாங்கிய இரண்டு வடிவமைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று கெடுப்பது இப்படித்தான்.

தேய்ந்த தண்டுகள் எல்லாம் உலையின் விளிம்பில், அசெம்பிளிகளைச் சுற்றி நிற்கும் தடுப்புத் தகடுகள் சேரும் மூலையில் இருந்தால் கிரிட்டை விட்டுவிடுங்கள். தகடுகளின் இணைப்பு இடுக்கில் நீர் பீய்ச்சியடிக்கிறது. தீர்வும் எரிபொருளில் இல்லை; தகடுகளுக்குப் பின்னால் ஓடும் நீரின் திசையை மேல்நோக்கி மாற்றி அழுத்த வேறுபாட்டைக் குறைப்பார்கள். அதுவரை அந்த மூலையில் எரிபொருள் இல்லாத திட எஃகுத் தண்டுகளை வைத்துச் சமாளிக்கலாம்.

உண்மையில் கிரிட்தான் குற்றவாளி என்றால் திருத்தம் வடிவமைப்பு மேசையில் நடக்க வேண்டும். ஸ்பிரிங் புள்ளியாகத் தொடாமல் தண்டின் வளைவுக்கேற்ப நீளமாகத் தொட வேண்டும்; அப்போது தேய்மானம் பரவி, ஆழம் குறையும். கீழ்க் கிரிட்டை மட்டும் இன்கொனல் என்ற நிக்கல் கலவையில் செய்வது இன்னொரு வழி. ஸ்பிரிங்கின் விறைப்பு நீடிக்கும். ஆனால் இன்கொனல் நியூட்ரானை அதிகம் விழுங்கும் என்பதால் நடுக் கிரிட்களையும் அப்படிச் செய்ய மனம் வராது. ஆரம்பத்திலேயே ஸ்பிரிங்கை மிக இறுக்கமாக வைக்கலாமே என்று கேட்பார்கள். வைத்தால் தண்டை நுழைக்கும்போதே உறை கீறும். உலைக்குள் தண்டு நீளும்போது நழுவ முடியாமல் வளையும்.

அறிகுறி: கிரிட்டின் கீழ் விளிம்பில் ஒழுங்கற்ற கீறல் அல்லது துளை

மேலே சொன்னதோடு இதைக் குழப்பாதீர்கள். தடத்துக்கு ஸ்பிரிங்கின் வடிவம் இல்லை, ஒரு தண்டில் மட்டும் இருக்கிறது, பக்கத்துத் தண்டு பளபளவென்று நிற்கிறது என்றால், அது குப்பை. கடைந்தெடுத்த உலோகச் சுருள், கம்பி பிரஷ்ஷின் ஒரு இழை, நிறுத்தப் பராமரிப்பில் விழுந்த ஏதோ ஒன்று நீரோடு வந்து கிரிட்டில் சிக்கி, அங்கேயே துடித்துத் துடித்துத் தண்டை அறுக்கிறது. கடைசியாகப் பெரிய பராமரிப்பு எப்போது நடந்தது, எந்தக் குழாய் வெட்டப்பட்டது என்று கேளுங்கள்; பதில் அங்கே கிடைக்கும்.

வடிவமைப்பில் இதற்கு இரண்டு தடுப்பு உண்டு. அசெம்பிளியின் அடிப்பகுதியில் நுண்துளை வடிகட்டி. கூடவே, தண்டின் கீழ் மூடியை நீளமான திட உலோகமாகச் செய்து, அது முதல் கிரிட்டைத் தாண்டி மேலே போகும்படி வைப்பது. குப்பை சிக்கினாலும் அது அறுப்பது வெறும் உலோகக் கட்டையை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அடைத்துக்கொள்ளாது, சுத்தம் செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டையும்விட மலிவானது, உள்ளே போகும் ஒவ்வொரு கருவியையும் எண்ணி, வெளியே வரும்போதும் எண்ணுவது. ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் எண்ணும் அந்தக் கணக்கில்தான் பாதி எரிபொருளின் ஆயுள் இருக்கிறது.

அறிகுறி: திறனை உயர்த்திய சில மணி நேரத்தில் கசிவு

நீண்ட நாள் குறைந்த திறனில் இருந்த தண்டு, சட்டென்று உயர்த்தப்பட்டால் பெல்லட் வீங்கி உறையை அழுத்தும். பெல்லட்டின் நடுப்பகுதி 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேற்பரப்பு 400, 500 டிகிரியில் இருக்கும். உருளை அப்படியே வீங்காது. இரு முனைகளும் விரிந்து நடு சிறுத்து நிற்கும். அந்த முனைகள் உறையில் வளையம் வளையமாக அழுந்தும். கூடவே பிளவில் பிறந்த அயோடின் அங்கே இருக்கிறது. இழுவிசையும் அயோடினும் சேர்ந்தால் ஜிர்கோனியத்தில் மயிரிழை விரிசல் ஓடும்.

முதலில் திறன் பதிவேட்டில் உயர்வின் வேகத்தைப் பாருங்கள். வரம்புக்குள்தான் உயர்த்தியிருக்கிறார்கள் என்றால் பெல்லட்டைச் சந்தேகியுங்கள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த பெல்லட் உள்ளே போயிருந்தால், அந்த வெற்றிடத்துக்கு மேல் உறை வளைந்து, மற்ற இடங்கள் தாங்குகிற அழுத்தத்தை அது தாங்காது. பெல்லட் முனைகளில் குழிவும், விளிம்பில் சரிவு வெட்டும் வைப்பது இதற்காகத்தான்: விரிவுக்கு இடம், சில்லு பெயராமல் காப்பு.

கனநீர் உலையில் இது அன்றாடக் கவலை. புதுப் பண்டில்களைத் தள்ளும்போது பழையவை நகர்ந்து, குறைந்த திறன் இடத்திலிருந்து அதிகத் திறன் இடத்துக்குப் போய்விடும். யாரும் உலையின் திறனை உயர்த்தவில்லை. பண்டில்தான் இடம் மாறியது. எரிபொருள் மாற்றிய மறுநாள் கசிந்தால் நகர்ந்த பண்டில்களைக் கேளுங்கள், புதுசை அல்ல. இந்த உலைகளின் உறைக்கு உட்புறம் மெல்லிய கிராஃபைட் பூச்சு இருக்கிறது. கொதிநீர் உலைக்காரர்கள் உறையின் உட்புறத்தில் தூய ஜிர்கோனிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து அதே பிரச்சினையைத் தணித்தார்கள்.

அறிகுறி: சின்னக் கசிவு திடீரென்று பெரிதானது

அயோடின் விகிதம் விழுகிறது. நீரில் நெப்டியூனியம்-239 தலைகாட்டுகிறது. பெல்லட் நீரைத் தொட்டுவிட்டது என்று பொருள். இரண்டாவது துளை விழுந்திருக்கிறது. முதல் துளை வழியே புகுந்த நீர் ஆவியாகி உறையின் உட்புறத்தோடு வினைபுரிந்தபடி நகர, ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் மட்டும் மிஞ்சும் தொலைவில் உறை அதைக் குடித்து நொறுங்கும். ஆகவே பெரிய உடைப்பு முதல் துளையிலிருந்து தள்ளி, பல நேரம் தண்டின் மறு முனையருகே இருக்கும். கேமராவில் பளிச்சென்று தெரியும் பெரிய உடைப்பைக் காரணம் என்று அறிக்கையில் எழுதுவதுதான் இந்தத் துறையின் நிரந்தர வியாதி. அது விளைவு, காரணம் வேறு உயரத்தில் ஊசிமுனையாக ஒளிந்திருக்கிறது.

அதுவரை செய்ய வேண்டியது: திறனை ஏற்றி இறக்காமல் ஒரே நிலையில் ஓட்டுவது, முடியாவிட்டால் நிறுத்துவது.

அறிகுறி: கசிவே இல்லை, ஆனால் திறன் கீழ்ப்பக்கம் சாய்கிறது

அழுத்த நீர் உலையில் மேல் பாதியின் திறன் கணித்ததைவிடக் குறைந்து, கணிப்புக்கும் அளவீட்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் படிவைச் சந்தேகியுங்கள். நீராவி ஆக்கிக் குழாய்களிலிருந்து அரித்து வந்த நிக்கல், இரும்பு, மேல் பகுதித் தண்டுகளில் நீர் கொதிக்கிற இடங்களில் படியும். அந்தப் படிவின் துளைகளில் நீரிலுள்ள போரான் தேங்கும். போரான் நியூட்ரானை விழுங்க, மேல் பாதி மந்தமாகும். அமெரிக்காவின் கேலவே நிலையம் இதில் பெயர்போனது. தண்டுகளை மீயொலியால் கழுவும் முறை அங்கிருந்துதான் பழக்கத்துக்கு வந்தது. நீரின் கார அமிலநிலையைச் சரியாக வைப்பதும், அதிகம் கொதிக்காதபடி ஏற்றும் வரிசையைத் திட்டமிடுவதும் முன்தடுப்பு.

கழுவுவதையும் எரிபொருள் வேலையாகவே நினைக்க வேண்டும். ஹங்கேரியின் பாக்ஸ் நிலையத்தில் 2003 ஏப்ரல் 10 அன்று, 30 அசெம்பிளிகளை உலைக்கு வெளியே நீருக்கடியில் ஒரு தொட்டியில் கழுவினார்கள். கழுவி முடிந்த பிறகு குறைந்த திறன் பம்ப் மட்டும் ஓடியது. அசெம்பிளிகளின் உறைப்பெட்டிக்குக் கீழே இருந்த துளைகள் வழியே நீர் பக்கவாட்டில் தப்பிவிட்டது. உள்ளே ஆவி நிறைந்து தண்டுகள் கொதித்தன. மூடியைத் திறந்தபோது குளிர்நீர் பாய்ந்து பெரும்பாலானவை நொறுங்கின. உலைக்குள் நன்மை செய்த துளை, தொட்டிக்குள் எமனாகிவிட்டது.

அறிகுறி: கட்டுப்பாட்டுக் கோல் மெதுவாக இறங்குகிறது, அல்லது அடி வரை போகவில்லை

இதைப் பார்த்ததும் மோட்டாரையும் பிடியையும் பிரிக்கத் தொடங்காதீர்கள். கோல் மேல் பகுதியில் சரியாக விழுந்து, கடைசிப் பகுதியில் மட்டும் தடுமாறினால் வழிகாட்டிக் குழாய் வளைந்திருக்கிறது. அசெம்பிளி நீரோட்டத்தில் மிதந்து எழாமல் இருக்க மேலே அழுத்தும் ஸ்பிரிங்கள் உண்டு. அந்த அழுத்தம் அதிகமாக இருந்து, குழாயும் கதிர்வீச்சில் நீளத் தொடங்கினால், இரண்டு பக்கமும் நெருக்கப்பட்ட அசெம்பிளி வில்லாக வளையும். வேகத்தைத் தணிப்பதற்காகக் குழாயின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் கோல் அங்கேதான் முதலில் சிக்கும். அமெரிக்காவில் 1995 டிசம்பரில் சவுத் டெக்சஸிலும், 1996 ஜனவரியில் வுல்ஃப் கிரீக்கிலும் உலை நின்றபோது சில கோல்கள் முழுமையாக இறங்கவில்லை.

கூடங்குளம் வகை உலைகளின் பழைய அசெம்பிளிகளுக்கும் 1990களில் இதே நோய் இருந்தது. ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு கிரிட்களை வழிகாட்டிக் குழாய்களோடு வெல்டு செய்து எலும்புக்கூட்டையே விறைப்பாக்கினார்கள். 2022இல் கூடங்குளத்துக்கு வரத் தொடங்கிய டிவிஎஸ்-2எம் என்ற ரஷ்ய அசெம்பிளி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைக் கொண்டு 12 மாதச் சுழற்சியை 18 மாதமாக்கலாம். சரிபார்க்க வழி எளிது: ஒவ்வொரு கோலும் விழும் நேரத்தைச் சுழற்சிக்குச் சுழற்சி ஒப்பிடுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் ஏறிக்கொண்டே போனால், வளைவு தொடங்கிவிட்டது.

அறிகுறி: கனநீர் உலைப் பண்டிலின் முனைத்தகடு விரிசல்

அரிதானது, ஆனால் பாடம் பெரியது. 1990இல் கனடாவின் டார்லிங்டன் நிலையத்தில் பண்டில்களின் முனைத்தகடுகள் உடைந்தன. வெல்டு, உலோகம், கையாளுதல் எல்லாம் விசாரிக்கப்பட்டன. குற்றவாளி பம்ப். விநாடிக்கு 30 முறை சுழலும் பம்பில் ஐந்து இதழ்கள். 30ஐ 5ஆல் பெருக்கினால் விநாடிக்கு 150 அழுத்தத் துடிப்பு. அந்த அதிர்வெண் குழாய் அமைப்போடு ஒத்திசைந்து பண்டிலை ஆட்டியது. ஏழு இதழ் சுழலிக்கு மாற்றினார்கள். துடிப்பு 210 ஆகி, ஒத்திசைவு போய்விட்டது. பண்டிலின் வடிவமைப்பில் கை வைக்கவே இல்லை. தகட்டில் களைப்பு விரிசல் பார்த்தால், பம்பின் சுழற்சியையும் இதழ்களையும் பெருக்கிப் பாருங்கள்.

அறிகுறி: சோடிய வேக உலையில் ஒரு அசெம்பிளியின் வெளியேற்ற வெப்பம் மட்டும் ஏறுகிறது

நீரோட்டம் இல்லை, சோடிய ஓட்டம். எனவே நின்று யோசிக்க நேரம் கிடையாது. ஒன்று தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) பொய் சொல்கிறது, அல்லது வழி அடைத்திருக்கிறது. பக்கத்து அசெம்பிளிகளின் வெப்பமும் தாமத நியூட்ரானும் ஒத்துப்போனால் உடனே நிறுத்துங்கள். 1966 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் ஃபெர்மி-1இல் ஒரு ஜிர்கோனியத் தகடு கழன்று சோடியம் நுழையும் வாயை மூட, இரண்டு அசெம்பிளிகள் பகுதியளவு உருகின. பாதுகாப்புக்கென்று கூடுதலாகப் பொருத்திய தகடு அது. கல்பாக்கத்து 500 மெகாவாட் முன்மாதிரி வேக உலையின் அசெம்பிளிகளில் 217 மெல்லிய ஊசிகள், ஒவ்வொன்றிலும் சுற்றிய கம்பி இடைவெளியைக் காக்கிறது. அடியில் சோடியம் நுழைய ஒரே வாய் இல்லை. பக்கவாட்டில் பல வாய்கள். ஒரு தகடு எல்லாவற்றையும் மூட முடியாது.

அறிகுறி: சிப்பிங் கசிவு என்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை

வெளி வரிசைத் தண்டுகளைத்தான் கேமரா பார்க்கும். கசிவது உள்வரிசையாக இருக்கலாம். மீயொலி ஆய்வுக்கருவியைத் தண்டுகளுக்கிடையே நுழைத்தால் உள்ளே நீர் புகுந்த தண்டு வேறு மாதிரி எதிரொலிக்கும். அந்தத் தண்டை உருவி, சுழல் மின்னோட்டச் சோதனை செய்து, உறைச்சுவர் மெலிந்த உயரங்களை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரங்களை அசெம்பிளி வரைபடத்தின் மேல் வையுங்கள்: கிரிட்டோடு பொருந்துவது எது, பெல்லட் இணைப்போடு பொருந்துவது எது, எதோடும் பொருந்தாதது எது. சூடறைக்கு (கதிர்வீச்சுள்ள தண்டைத் தடித்த சுவருக்குப் பின்னாலிருந்து வெட்டி ஆராயும் அறை) அனுப்பும்போது பெரிய உடைப்பில் மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். மறு முனையில், சுவர் மெலிந்ததாகக் குறித்த சிறிய இடத்தில் முதல் வெட்டைக் கேளுங்கள்.